தலையீற்றுக் கிடேரிகளுக்கு இறைச்சி இனப் பொலிகாளை: விற்பனைப் பட்டியலில் எந்த எண்ணை நம்புவது?

தெற்கத்தி_மந்தை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஹாமில்ட்டன் நகருக்கு அருகே உள்ள ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணையின் மேற்பார்வை என் பொறுப்பில் இருக்கிறது. மந்தை முழுவதும் கருப்பு ஆங்கஸ் இனம். சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிறந்த கிடேரிகளில் நாற்பதை மந்தைக்கென நிறுத்தியிருக்கிறோம். அவற்றை இந்த அக்டோபரில் முதன்முறையாகக் காளையோடு சேர்த்து, இரண்டு வயது நிறையும் சமயத்தில், அதாவது அடுத்த ஜூலையில், கன்று ஈன வைப்பது திட்டம். கன்றுகளில் பெரும்பாலானவற்றைப் பால் மறந்ததும் விற்றுவிடுவோம். நல்ல பெண் கன்றுகள் சிலவற்றை மட்டும் நிறுத்திக்கொள்வோம்.

வசந்தகால விற்பனைக்கான பட்டியல் கைக்கு வந்துவிட்டது. மூன்று காளைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். முதல் காளைக்கு வயது இரண்டு. பிறப்பு எடை இபிவி (காளையின் மரபுத்திறனுக்கான மதிப்பீட்டு எண்) +1.5, கன்று ஈனும் எளிமை +8, சினைக்கால நீளம் −7, 200 நாள் வளர்ச்சி +44, 400 நாள் வளர்ச்சி +82. இரண்டாம் காளைக்கும் வயது இரண்டுதான். பிறப்பு எடை +5.2, ஈனும் எளிமை −1.5, சினைக்காலம் −3, 200 நாள் +58, 400 நாள் +110. மூன்றாவது பதினைந்து மாத இளங்காளை. பிறப்பு எடை +2.8, ஈனும் எளிமை +6, சினைக்காலம் −6, 200 நாள் +53, 400 நாள் +100. மூன்றாவதன் எண்கள் எல்லாப் பக்கத்திலும் நன்றாக இருக்கின்றன, ஆனால் அவற்றின் நம்பகத்தன்மைச் சதவீதம் ஐம்பதைச் சற்றே தாண்டுகிறது.

பண்ணை உரிமையாளருக்கு இரண்டாம் காளையின் உடற்கட்டு மிகவும் பிடித்திருக்கிறது. கிடேரிகளுக்கு அது சரிவராது என்று என் மனம் சொல்கிறது. அதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொலிகாளை_மருத்துவர்

உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. விக்டோரியாவின் கிராமப்புறக் கால்நடை மருத்துவமனைகளில் பல ஈனும் பருவங்களைப் பார்த்தவன் என்ற முறையில் விரிவாகவே எழுதுகிறேன்.

தலையீற்றுக் கிடேரி ஈன முடியாமல் தவிப்பதற்கு முதன்மையான காரணம், கன்றின் பருமனுக்கும் தாயின் இடுப்பு எலும்பு வாயிலுக்கும் பொருத்தம் இல்லாமல் போவது. வளர்ந்த பசு சிரமமில்லாமல் ஈன்றுவிடும் கன்று, இன்னும் உடல் முதிராத கிடேரியின் இடுப்பில் சிக்கிக்கொள்கிறது. பனிக்குடம் உடைந்து இரண்டு முன்கால் குளம்புகளும் வெளியே தெரியும். மூக்கு நுனியும் தெரியலாம். அதற்கு மேல் நகராது. முன்கால்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வந்து நின்றால், உள்ளே தோள்கள் இடுப்பு வாயிலில் இறுகிக்கிடக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் சங்கிலி போட்டு ஆளுக்கு ஆள் இழுத்தால் கன்று செத்துப் பிறக்கும். தாயின் இடுப்பு நரம்பு நசுங்கி, பின்னங்கால்கள் இரு புறமும் விரிந்து, எழுந்து நிற்கவே முடியாமல் கிடக்கும். உழைத்து வளர்த்த ஒரு கிடேரி தன் முதல் ஈற்றிலேயே அப்படிக் கிடப்பதைப் பார்ப்பது பெருங்கொடுமை. காளையைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிட முடியும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

இனி எண்களுக்கு வருவோம். பட்டியலில் கிடேரிகளுக்கென்று முதலில் பார்க்க வேண்டியது, கன்று ஈனும் எளிமைக்கான நேரடி இபிவி. இரண்டு வயதுக் கிடேரிகள் உதவியின்றி ஈனும் விழுக்காட்டை அது குறிக்கிறது. எண் கூடக்கூட நல்லது. பிறப்பு எடையும் சினைக்கால நீளமும் ஏற்கெனவே அந்தக் கணக்கிற்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பிறப்பு எடையை மட்டும் தனியே பிடித்துக்கொண்டு, எது மிகக் குறைவோ அதுவே சிறந்தது என்று போவது அரைகுறைத் தேர்வு. சினைக்காலம் குறைவாக இருந்தால் கன்று வயிற்றில் வளரும் கடைசி நாட்கள் குறைகின்றன. தாய்க்கும் மறுபடி பருவத்துக்கு வரச் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன.

பட்டியலின் ஓரத்தில் சில விற்பனையாளர்கள் காளை பிறந்தபோது நிறுத்த எடையைக் கிலோவில் அச்சிட்டிருப்பார்கள். அதை வைத்து இரண்டு பண்ணைகளின் காளைகளை ஒப்பிட வேண்டாம். அந்த எடையில் தாயின் வயது, அந்த ஆண்டின் தீவனம், குளிர் எல்லாம் கலந்திருக்கும். கலப்பை நீக்கிவிட்டு மரபின் பங்கை மட்டும் காட்டத்தான் இபிவி இருக்கிறது.

எடைத்தராசு

மருத்துவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் மறுபக்கத்தை யாராவது சொல்லியாக வேண்டும். நான் நியூ சவுத் வேல்ஸில் கால்நடை விற்பனை முகவராக இருக்கிறேன். கிடேரிகளுக்கு என்று வாங்கப்பட்ட மெல்லிய, சிறுத்த காளைகளின் கன்றுகள் சந்தைக்கு வரும்போது என்ன விலைக்குப் போகின்றன என்பதை வாரந்தோறும் பார்க்கிறேன். சிரமமில்லாமல் பிறந்தது என்பதற்காக எந்த வியாபாரியும் ஒரு டாலர் கூடுதலாகத் தருவதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இபிவியில் பாதிதான் கன்றுக்குப் போகிறது. முதல் காளைக்கும் இரண்டாம் காளைக்கும் ஈனும் எளிமையில் உள்ள வேறுபாடு ஒன்பதரை. அதில் பாதி ஏறக்குறைய ஐந்து விழுக்காடு. நாற்பது கிடேரிகளில் ஐந்து விழுக்காடு என்றால் இரண்டு. இரண்டு கிடேரிகளுக்குக் கூடுதலாக உதவி தேவைப்படும், அவ்வளவுதான். அந்த இரண்டும் சாகப்போவதில்லை. மறுபுறம் 400 நாள் வளர்ச்சியில் வேறுபாடு 28. பாதி என்றால் கன்றுக்குப் பதினான்கு கிலோ. முப்பத்தாறு கன்றுகள் தேறினாலே ஐந்நூறு கிலோவுக்கு மேல் உயிர் எடை. ஆள் இருந்து கவனிக்கும் பண்ணையில் இந்த ஐந்நூறு கிலோவை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நெப்ராஸ்கா_புல்வெளி

எடைத்தராசு அண்ணன் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறார். பாதியாக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் மூன்று இடங்களில் எனக்கு மறுப்பு உண்டு. கால்நடை மரபியல் என் படிப்பும் தொழிலும் என்பதால் சற்று விளக்கமாக எழுத அனுமதியுங்கள்.

முதலாவது, தெற்கத்தி_மந்தை பெரும்பாலான கன்றுகளைப் பால் மறந்ததும் விற்கிறார். ஆகவே அவர் பார்க்க வேண்டியது 400 நாள் எண்ணை விட 200 நாள் எண். அங்கே வேறுபாடு பதினான்கு, கன்றுக்கு ஏழு கிலோ. ஐந்நூறு கிலோ என்பது ஏறக்குறைய இருநூற்றைம்பதாகச் சுருங்கிவிடுகிறது. அதாவது பால் மறந்த ஒரே ஒரு கன்றின் எடை. ஒரு கன்று செத்துப் பிறந்தாலே அந்த ஆதாயம் முழுவதும் போய்விடும்.

இரண்டாவது, உதவி தேவைப்பட்ட கிடேரி பிழைத்துக்கொண்டாலும் அதன் செலவு அங்கே முடிவதில்லை. சிரமப்பட்டு ஈன்ற கிடேரி மறுபடி பருவத்துக்கு வரத் தாமதமாகிறது; அடுத்த ஆண்டு பிந்தி ஈனுகிறது அல்லது சினையே பிடிக்காமல் கழிக்கப்படுகிறது. நீண்ட நேரம் நெருக்கப்பட்டுப் பிறந்த கன்று சோர்ந்திருப்பதால் எழுந்து சீம்பால் குடிக்கத் தாமதமாகி, முதல் நாளிலேயே நோய்க்கு இடம் கொடுக்கிறது. இவை எதுவும் ஐந்து விழுக்காடு என்ற எண்ணுக்குள் இல்லை.

மூன்றாவது, நம்பகத்தன்மை. பட்டியலில் உள்ள எண் ஒரு மதிப்பீடு; கன்றுகள் பிறந்து பதிவாகப் பதிவாக அது ஏறவும் இறங்கவும் செய்யும். நம்பகத்தன்மை குறைந்த காளையின் ஈனும் எளிமை −1.5 என்றால், உண்மை அதைவிட நன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்போ, அதைவிட மோசமாக இருக்கவும் அவ்வளவே வாய்ப்பு. +8 உள்ள காளை சில புள்ளிகள் இறங்கினாலும் கிடேரிகளுக்குத் தாங்கும். −1.5 அதே அளவு இறங்கினால் தாங்காது. கிடேரிகள் விஷயத்தில் பாதுகாப்பு இடைவெளி உள்ள எண்ணை எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

இன்னொரு எச்சரிக்கை, குறிப்பாக அமெரிக்க விந்துக் குச்சிகளையும் (உறைய வைத்த விந்து அடைத்த மெல்லிய குழல்கள்) பரிசீலிப்பவர்களுக்கு. ஆஸ்திரேலியாவில், ஆர்மிடேல் நகரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவாகி 1985 முதல் புழக்கத்தில் உள்ள பிரீட்பிளான் வழிமுறை, காளையின் முழு மரபுத்திறனை இபிவி என்று தருகிறது. அமெரிக்காவில் நாங்கள் பயன்படுத்தும் இபிடி, கன்றுக்குப் போகும் பாதியை மட்டுமே தருகிறது. அங்கே பாதியாக்க வேண்டும், இங்கே பாதியாக்கக் கூடாது. இரண்டின் அடிப்படை ஆண்டும் வேறு. ஆகவே இரண்டு நாட்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட வேண்டாம். வெவ்வேறு இனங்களின் எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. சராசரி ஷரோலே காளையின் கன்றும் சராசரி ஆங்கஸ் காளையின் கன்றும் ஒரே எடையில் பிறப்பதில்லை. இங்கே நெப்ராஸ்காவின் கிளே சென்டர் ஆய்வு மையத்தில் பல இனங்களை ஒரே மந்தையில் வைத்து நெடுங்காலமாக ஒப்பிட்டு, இனங்களுக்கு இடையிலான திருத்த எண்களை வெளியிடுவது இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான்.

என் தேர்வைக் கேட்டால், மூன்றாவது காளை. குறைந்த பிறப்பு எடையும் அதன் பிறகு விரைந்த வளர்ச்சியும் பொதுவாக ஒன்றுக்கொன்று எதிராக இழுப்பவை. பிறக்கும்போது சிறிதாக இருப்பவை பின்னாலும் சிறிதாகவே இருக்க முனைகின்றன. இரண்டையும் ஒரே காளையில் சேர்த்துப் பிடிப்பதே இன வளர்ப்போரின் நெடுநாள் உழைப்பு. மூன்றாவது அந்த வகையைச் சேர்ந்தது. முதல் காளையை விட ஈனும் எளிமையில் இரண்டு புள்ளி மட்டுமே குறைவு. 400 நாள் வளர்ச்சியிலோ பதினெட்டு புள்ளி கூடுதல்.

எடைத்தராசு

200 நாள் எண்ணைச் சுட்டியது நியாயம். அவர் எப்போது விற்கிறார் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை என்று நினைக்க வேண்டாம், நல்ல விலை வேண்டுமென்றால் இன்னும் சில மாதம் வைத்து விற்கலாம் என்பதே என் எண்ணம். அது தனிப் பேச்சு. மூன்றாவது காளைக்கு நானும் சம்மதிக்கிறேன். ஆனால் பதினைந்து மாதக் காளை நாற்பது கிடேரிகளைத் தாங்காது. இளங்காளைக்கு எத்தனை மாத வயதோ ஏறக்குறைய அத்தனை கிடேரிகள் என்பதுதான் எங்கள் பக்கத்துக் கணக்கு. நாற்பதையும் அதன் தலையில் கட்டினால் ஆறு வாரத்தில் எலும்பும் தோலுமாக நிற்கும். பாதிக் கிடேரிகள் பிந்திப்போகும்.

தெற்கத்தி_மந்தை

அனைவருக்கும் மிக்க நன்றி. உரிமையாளரிடம் எடுத்துச் சொல்ல இப்போது போதுமான காரணங்கள் இருக்கின்றன. எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள். முதலாவது, பட்டியலில் ஈனும் எளிமைக்கு இரண்டு இபிவிக்கள் உள்ளன, ஒன்று நேரடி, மற்றொன்று மகள்களுக்கானது. மூன்றாவது காளையின் மகள்களுக்கான எண் சராசரியை ஒட்டியே இருக்கிறது. அது பொருட்டாகுமா? இரண்டாவது, கடைசி மாதங்களில் கிடேரிகளுக்குத் தீவனத்தைக் குறைத்தால் கன்று சிறிதாகி எளிதாகப் பிறக்கும் என்று அக்கம்பக்கத்தில் பலரும் சொல்கிறார்கள். அது உண்மையா, மருத்துவர் ஐயா?

பொலிகாளை_மருத்துவர்

முதல் ஐயத்துக்கு: நேரடி எண், அந்தக் காளைக்குப் பிறக்கும் கன்று எவ்வளவு எளிதாகப் பிறக்கும் என்பதைச் சொல்கிறது. மகள்களுக்கான எண், அந்தக் காளையின் மகள் வளர்ந்து தானே தாயாகும்போது எவ்வளவு எளிதாக ஈனும் என்பதைச் சொல்கிறது. பெண் கன்றுகளை மந்தைக்கு நிறுத்துகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிறப்பு எடையை மட்டும் கீழே தள்ளிக்கொண்டே போனால், மகள்களின் உடலும் இடுப்பும் சிறுத்து, தொடங்கிய இடத்துக்கே சிக்கல் திரும்பி வரும். மூன்றாவது காளையின் எண் சராசரி என்றால் கவலை வேண்டாம். சராசரிக்கு வெகு கீழே இருந்தால் மட்டும் அதன் பெண் கன்றுகளை நிறுத்தாமல் விற்றுவிடுவது நல்லது.

இரண்டாவது ஐயம் முக்கியமானது. தீவனத்தைக் குறைப்பது தவறு, தயவுசெய்து செய்யாதீர்கள். வயிற்றுக் கன்றின் வளர்ச்சியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் தாய் பட்டினி கிடந்தால் முதலில் தன் உடலைக் கரைத்துக் கன்றுக்குக் கொடுக்கும். கன்று ஓரளவு சிறுத்தாலும், தாய் முக்கி ஈனும் வலுவை இழந்துவிடும், இடுப்பின் வளர்ச்சியும் நின்றுவிடும், சீம்பால் குறையும், ஈன்ற பிறகு பருவத்துக்கு வருவது மாதக் கணக்கில் தள்ளிப்போகும். மறுமுனையில், கொழுக்க வைப்பதும் ஆபத்து. இடுப்புக் குழியில் கொழுப்பு சேர்ந்து பிறப்பு வழியை நெருக்கும். ஐந்துக்கு மூன்று என்ற உடல்நிலை மதிப்பெண்ணில் ஈனும் பருவத்துக்கு வருவதே சரி.

காளையைப் பற்றி இவ்வளவு பேசும்போது கிடேரியை மறந்துவிடுகிறோம். காளை கொண்டுவருவது பாதிப் பங்கு மட்டுமே. கன்றின் மரபில் மறுபாதி கிடேரியிடமிருந்து வருகிறது, பிறப்பு வழியோ முழுவதும் கிடேரியுடையது. உங்கள் மந்தையின் வளர்ந்த பசு சராசரியாக 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காளை சேர்க்கும் நாளில் கிடேரி அதில் 60 விழுக்காடாவது, அதாவது 330 கிலோவாவது இருக்க வேண்டும். ஈனும் நாளில் 85 விழுக்காட்டை, ஏறக்குறைய 470 கிலோவை, எட்டியிருக்க வேண்டும். இடையில் உள்ள சினைக்காலம் சுமார் 283 நாட்கள். ஆக நாளொன்றுக்கு அரைக் கிலோ எடை ஏற்றம் தொடர்ந்து வேண்டும். உங்கள் பகுதியில் அக்டோபரில் புல் செழித்திருக்கும்போது இது தானாக நடக்கும். கோடையின் இறுதியில் புல் காய்ந்த பிறகும், ஜூன் மாதக் குளிரில் புல் வளராமல் நிற்கும்போதும் வைக்கோல் உருளைகளும் அடர்தீவனமும் இல்லாமல் நடக்காது. மாதம் ஒருமுறை எடை போடுங்கள். 330 கிலோவைத் தொடாத கிடேரிகளை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம்; எவ்வளவு நல்ல காளையாலும் அவற்றைக் காப்பாற்ற முடியாது.

இடுப்பு வாயிலை அளக்கும் கருவி கொண்டு மலக்குடல் வழியாக அளந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. அதை வைத்துச் சிறந்த கிடேரியைத் தேர்ந்தெடுக்க முயல வேண்டாம், ஏனெனில் பெரிய உடல் கொண்டவையே பெரிய இடுப்பும் பெரிய கன்றும் கொண்டிருக்கும். மிகக் குறுகலான இடுப்பு உள்ள ஓரிரண்டைக் கழிப்பதற்கு மட்டும் அது உதவும்.

கொங்கு_கிடேரி

தாராபுரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்கள் இல்லை என்றாலும் இந்த இழையை முழுவதும் படித்தேன், ஏனெனில் இதே துன்பம் எங்கள் கட்டுத்தறியிலும் நடக்கிறது. சென்ற ஆண்டு எங்கள் சிறிய ஜெர்சி கலப்புக் கிடேரிக்குச் சினை ஊசி போட வந்தவர் கையிலிருந்த ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற பெரிய பால் இனம்) குச்சியைப் போட்டுவிட்டுப் போனார். ஈனும்போது கன்று பெரிதாகி, மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் கன்று பிழைக்கவில்லை. எங்களுக்கு இபிவி பட்டியல் எதுவும் கையில் கிடைப்பதில்லை. நாங்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, டாக்டர்?

பொலிகாளை_மருத்துவர்

கன்றை இழந்ததற்கு வருந்துகிறேன். உங்களுக்கு இனத் தேர்வே முதல் பாதுகாப்பு. ஜெர்சிக் கன்று பிறக்கும்போது ஏறக்குறைய 25 கிலோ இருக்கும், ஹெச்.எஃப். கன்று 40 கிலோ வரை இருக்கும். சிறிய உடல் கொண்ட கிடேரிக்கு முதல் ஈற்றில் ஜெர்சி அல்லது ஜெர்சி கலப்புக் காளையின் விந்தையே கேளுங்கள். தமிழ்நாட்டின் சமவெளிக்கு ஜெர்சியும் மலைப்பகுதிக்கு ஹெச்.எஃப். இனமும் என்று அரசின் இனப்பெருக்கக் கொள்கை பிரித்து வைத்திருப்பதும் உங்களுக்குச் சாதகமே. நாற்பது கிலோக் கன்று பிறக்கும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பால் பண்ணைகளில்கூடத் தலையீற்றுக் கிடேரிகளுக்கு ஜெர்சிக் காளையை விடும் வழக்கம் இதே காரணத்துக்காகத்தான் இருக்கிறது. பாலினம் பிரித்த விந்து கிடைத்தால் அதுவும் நல்லது, பெண் கன்றுகள் காளைக் கன்றுகளை விட எடை குறைவாகப் பிறக்கும்.

குச்சியின் மேல் இனமும் காளையின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். ஊசி போடுவதற்கு முன் அதை வாங்கிப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஊரில் யார் வீட்டுக் கிடேரி எந்தக் காளையின் கன்றை எளிதாக ஈன்றது என்று நான்கு வீட்டார் சேர்ந்து குறித்து வைத்தால், இரண்டு ஆண்டுகளில் உங்கள் கையிலேயே ஒரு பட்டியல் உருவாகிவிடும். காங்கேயம் கிடேரி இருந்தால் அதைக் காங்கேயம் காளைக்கே விடுங்கள். கலப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எடைத்தராசு

தெற்கத்தி_மந்தை தம்பிக்கு: எண்களைப் பற்றிப் பேசி முடித்தாயிற்று, இனிக் காளையின் காலடியைப் பாருங்கள். விற்பனைக்கு முதல் நாளே போய், பட்டியில் மற்றக் காளைகளோடு நிற்கும்போதும், தனியே நடக்க விட்டும் பாருங்கள். நடக்கும்போது பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் குளம்பு பதிந்த இடத்திலேயே ஏறக்குறைய வந்து விழ வேண்டும். எட்டாமல் குட்டையாக விழுந்தால் பின்னங்கால் நேராக நிமிர்ந்திருக்கிறது என்று பொருள்; அப்படிப்பட்ட காளை கிடேரியின் மேல் தாவி இறங்கித் தாவி இறங்கி ஒரே பருவத்தில் மூட்டைக் கெடுத்துக்கொள்ளும். இரு குளம்புப் பிளவுகளும் சமமாக இருக்க வேண்டும், கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று வளைந்திருக்கக் கூடாது. குறியின் உறை தரையை நோக்கித் தொங்கக் கூடாது. ஆளைக் கண்டு மிரண்டு வேலியில் மோதும் காளையை எந்த எண்ணுக்காகவும் வாங்காதீர்கள், அந்தக் குணம் கன்றுகளுக்கும் வரும்.

தோள் அகலமான காளைக்குத் தோள் அகலமான கன்று பிறந்து சிக்கிக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பார்த்துப் பழகியவன். இதில் மருத்துவரும் நெப்ராஸ்கா நண்பரும் என்ன சொல்கிறார்கள்?

நெப்ராஸ்கா_புல்வெளி

கன்றின் தோள் அகலத்தையும் தலைச் சுற்றளவையும் அளந்து செய்த ஆய்வுகளில், பிறப்பு எடையைக் கணக்கில் எடுத்த பிறகு, உடல் வடிவம் கூடுதலாகச் சொல்வது மிகக் குறைவு. எடை கூடிய கன்றுக்கே தோளும் அகலமாக இருக்கிறது. வளர்ந்த காளையின் தோளைப் பார்த்துக் கன்றைக் கணிப்பது இன்னும் தொலைவான ஊகம். ஆகவே தோளுக்காக ஒரு காளையை ஒதுக்குவதை விட, ஈனும் எளிமை இபிவியை நம்புவதே நல்லது. பெல்ஜியன் புளூ போன்ற இரட்டைத் தசை இனங்கள் இதற்கு விலக்கு. அவற்றைக் கிடேரிகளின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மரபுக் குறைபாடு பற்றியும் ஒரு வரி. 2008-இல் ஆங்கஸ் இனத்தில் வளைந்த முதுகும் மடங்கி இறுகிய கால்களுமாகக் கன்றுகள் செத்துப் பிறப்பதற்கு ஒரு மரபணுக் குறை காரணம் என்று கண்டறியப்பட்டது. அதைச் சுமக்கும் காளையும் சுமக்கும் பசுவும் சேர்ந்தால் நான்கில் ஒரு கன்று அப்படிப் பிறக்க வாய்ப்புண்டு. இப்போது எளிய பரிசோதனை இருக்கிறது. வாங்கும் காளை அந்தக் குறையற்றது என்று பட்டியலில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தெற்கத்தி_மந்தை

பட்டியலில் பார்த்துவிட்டேன், மூன்று காளைகளும் குறையற்றவை என்றே உள்ளது. உரிமையாளரிடம் 200 நாள் கணக்கைக் காட்டிப் பேசினேன். இரண்டாம் காளையை வளர்ந்த பசுக்களுக்கு வாங்கிக்கொள்வது, கிடேரிகளுக்கு மூன்றாவதை வாங்குவது என்று ஒப்புக்கொண்டார். மூன்றாவது நாற்பதைத் தாங்காது என்பதால், முதலில் எல்லாக் கிடேரிகளுக்கும் நிரூபிக்கப்பட்ட ஓர் ஆங்கஸ் காளையின் விந்தை ஒரே நாளில் செயற்கை முறையில் செலுத்தி, சினைப்பிடிக்காதவற்றை மட்டும் இளங்காளையிடம் விடலாமா?

பொலிகாளை_மருத்துவர்

மிகச் சரியான ஏற்பாடு. ஆயிரக்கணக்கான கன்றுகள் பதிவான செயற்கைக் கருவூட்டல் காளைகளில் ஈனும் எளிமையின் நம்பகத்தன்மை 90 விழுக்காட்டைத் தாண்டியவை கிடைக்கின்றன. இளங்காளையின் ஐம்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. பருவத்தை ஒருங்கிணைத்து ஒரே நாளில் ஊசி போட்டால் ஏறக்குறைய பாதிக் கிடேரிகள் சினையாகும். மீதி இருபதை இளங்காளை தாங்கும். ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துக் காளையை உள்ளே விடுங்கள். அந்த இடைவெளி இருந்தால் எந்தக் கன்று யாருடையது என்பது பிறக்கும் நாளிலிருந்தே ஓரளவு தெரிந்துவிடும். மொத்தப் பருவத்தையும் ஆறேழு வாரத்தில் முடித்து, பிறகு சினைப் பரிசோதனை செய்து, பிடிக்காதவற்றை விற்றுவிடுங்கள். வளர்ந்த பசுக்களுக்கு மூன்று வாரம் முன்பே கிடேரிகளுக்குத் தொடங்கினால், தலையீற்றுக்குப் பின் உடல் தேற அவற்றுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கும்.

காளையை ஆகஸ்டிலேயே கொண்டுவந்து தனி வேலிப்பிரிவில் வையுங்கள். விற்பனைக் கொழுப்போடு வரும் இளங்காளையைப் புல்லுக்குப் பழக்கி, நடக்க வைத்து, உடலை இறுக்க அந்தக் காலம் வேண்டும். கருச்சிதைவை உண்டாக்கும் விப்ரியோ நோய்க்கு இரண்டு தவணைத் தடுப்பூசியும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். மாடுகளுக்கும் வயிற்றுக் கன்றுகளுக்கும் நோய் தரும் பெஸ்டிவைரஸை நிரந்தரமாகச் சுமக்கும் காளை இல்லை என்பதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்; சான்று இல்லையென்றால் காதுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் வரை மந்தையில் சேர்க்காதீர்கள்.

விந்துப் பரிசோதனைச் சான்று விற்பனையின்போதே தரப்பட்டிருந்தாலும், சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை செய்யச் சொல்வேன். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதங்கள் ஆகும். லாரியில் வந்த களைப்போ, நடுவில் வந்த காய்ச்சலோ இரண்டு மாதம் கழித்துத்தான் விந்தில் தெரியும். பதினைந்து மாதக் காளைக்கு விதைப்பைச் சுற்றளவு 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது; முன்னோக்கி நீந்தும் விந்தணுக்கள் 30 விழுக்காட்டுக்கு மேலும், இயல்பான வடிவம் கொண்டவை 70 விழுக்காட்டுக்கு மேலும் இருக்க வேண்டும். சேர்த்த முதல் வாரத்தில் காலையிலும் மாலையிலும் வேலியருகே நின்று, காளை தாவுவது மட்டுமல்ல, முழுமையாகச் சேர்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி பருவத்துக்கு வரும் கிடேரிகள் அதிகமாகத் தெரிந்தால் உடனே காளையை மாற்ற வேண்டும். அதற்காக முதல் காளையின் விற்பனையாளரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

தெற்கத்தி_மந்தை

குறித்துக்கொண்டேன், ஐயா. முதல் காளை ஏலத்தில் விலை போகாவிட்டால் பருவத்துக்கு மட்டும் வாடகைக்குத் தர விற்பனையாளர் சம்மதித்திருக்கிறார். கிடேரிகளை வரும் வாரம் எடை போடுகிறோம். 330 கிலோவுக்குக் கீழே எத்தனை நிற்கின்றன என்பதை இங்கேயே எழுதுகிறேன்.